சரயேவோ முற்றுகையும் தளபதி காலிச் மீதான வழக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003 டிசம்பர் 5 அன்று ஸ்டானிஸ்லாவ் காலிச் என்ற பொஸ்னிய செர்பியத் தளபதிக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 நவம்பர் 30 அன்று, அதே தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு, புதிய குற்றம் எதையும் சேர்க்காமல் அந்தத் தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தின் குடிமக்களை அச்சுறுத்தும் நோக்கத்துடன் நடத்தப்பட்ட தாக்குதல்களைத் தனியொரு போர்க்குற்றமாகக் கொண்டு ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் முதன்முதலாகத் தண்டித்தது இந்த வழக்கில்தான். இதைப் படிக்கும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடிமக்களைச் சுடுங்கள் என்று காலிச் கையொப்பமிட்ட ஆணை எதையும் அரசுத் தரப்பு காட்டவில்லை. அப்படியொரு காகிதம் இல்லாமலே அவர் ஆணையிட்டார் என்று நீதிபதிகள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதே இந்த வழக்கின் உயிர்நாடி.

நகரமும் படையும்

சரயேவோ, மில்யாட்ஸ்கா ஆற்றின் பள்ளத்தாக்கில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் நகரம். 1984இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மலைகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. 1992 ஏப்ரலில் யூகோஸ்லாவியாவிலிருந்து பொஸ்னியாவின் விடுதலையை ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட அதே நாட்களில், பொஸ்னிய அரசின் படைக்கும் பொஸ்னிய செர்பியர்களின் படைக்கும் இடையே போர் மூண்டது. மலைச்சரிவுகளில் பெரும்பகுதியும் நகரத்துக்குள்ளேயே இருந்த கிர்பாவிட்சா போன்ற பகுதிகளும் செர்பியப் படைகளின் கைக்குப் போயின. யூகோஸ்லாவிய மக்கள் இராணுவம் வெளியேறியபோது அதன் நான்காவது படைப்பிரிவு விட்டுச்சென்ற ஆட்களையும் ஆயுதங்களையும் கொண்டு, 1992 மே மாதத்தில் சரயேவோ ரொமானியா படைப்பிரிவு உருவானது. அதன் தலைமையகம் லுகாவிட்சா முகாமில் இருந்தது. முற்றுகை 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள் நீடித்தது.

காலிச் அந்தப் படைப்பிரிவின் பொறுப்பை ஏற்றது 1992 செப்டம்பர் 10 அன்று; விட்டது 1994 ஆகஸ்ட் 10 அன்று. ஏறத்தாழ 23 மாதங்கள். 1943இல் பன்யா லூக்கா பகுதியில் பிறந்த அவர், தம் வாழ்நாள் முழுவதும் படையில் இருந்த தொழில்முறை அதிகாரி. அவருக்குக் கீழே சுமார் 18,000 பேர் இருந்தனர். அவருக்கு மேலே பொஸ்னிய செர்பியப் படையின் தலைமைத் தளபதி ராட்கோ மிலாடிச்சும், அவருக்கும் மேலே பொஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் ரடோவன் கராட்ஜிச்சும் இருந்தனர். காலிச்சுக்கு முன்பும் பின்பும் வேறு தளபதிகள் இருந்ததால், குற்றப்பத்திரிகை அவருடைய பதவிக் காலத்துக்குள் மட்டுமே நின்றது. முற்றுகையின் மொத்தச் சாவுகளுக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 23 மாதங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக்கான எண்ணிக்கையை அரசுத் தரப்பின் மக்கள்தொகை வல்லுநர்கள் குடும்பக் கணக்கெடுப்புகளிலிருந்து தொகுத்தளித்தனர். நகரத்தின் போர்முனைக் கோடுகளுக்கு உள்ளே குறைந்தது 3,798 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 1,399 பேர் குடிமக்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. காயமடைந்த குடிமக்கள் 5,093 பேர். இவை குறைந்தபட்ச எண்கள். கொல்லப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போராளிகள் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கடைசி வரை பிடித்துக்கொண்ட கொழுகொம்பும் அதுதான்.

குற்றச்சாட்டுகள்

காலிச்சைச் சர்வதேசப் படையினர் 1999 டிசம்பர் 20 அன்று பன்யா லூக்காவில் கைது செய்து ஹேக் நகருக்கு அனுப்பினர். அவர்மீதான குற்றப்பத்திரிகை அதற்கு முந்தைய ஆண்டிலேயே இரகசியமாக உறுதி செய்யப்பட்டிருந்தது. விசாரணை 2001 டிசம்பர் 3 அன்று தொடங்கி 2003 மே வரை நடந்தது. 171 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். நெதர்லாந்தின் அல்போன்ஸ் ஓரி தலைமையில் எகிப்தின் அமின் எல் மஹ்தி, கொலம்பியாவின் ரஃபேல் நியெத்தோ நாவியா ஆகியோர் அமர்வில் இருந்தனர்.

குற்றச்சாட்டுகள் ஏழு. முதலாவது, குடிமக்களிடையே அச்சத்தைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயல்கள். மற்ற ஆறும் இரு தொகுதிகளாகப் பிரிந்திருந்தன. மறைந்திருந்து சுடுதல் ஒரு தொகுதி, எறிகணை வீச்சு மற்றொன்று. ஒவ்வொரு தொகுதியிலும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகக் கொலையும் மனிதத்தன்மையற்ற செயல்களும், போர்ச் சட்ட மீறலாகக் குடிமக்கள் மீதான தாக்குதலும் இருந்தன. 23 மாத வன்முறை முழுவதையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது என்பதால், அரசுத் தரப்பு குறிப்பிட்ட சில நிகழ்வுகளை மாதிரிகளாகப் பட்டியலிட்டு, அவற்றோடு பொதுவான சாட்சியங்களையும் முன்வைத்தது.

தனித்தனியே பார்த்தால் அந்த மாதிரிகள் சின்னச் சின்ன நிகழ்வுகள். 1992 டிசம்பர் 13 அன்று ஷிரோகாச்சா பகுதியில், தன் வீட்டு வாசற்படியில் இருந்த மூன்று வயதுக் குழந்தையின் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. 1993 ஜூலை 11 அன்று டோப்ரின்யாவில், ஆற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த 48 வயதுப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, எட்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தாயின் தொடையைத் துளைத்த அதே ஒற்றைக் குண்டு சிறுமியின் கையையும் வயிற்றையும் காயப்படுத்தியது. இந்த நிகழ்வுகளில் ஒவ்வொன்றுக்கும் நீதிபதிகள் தூரத்தை அளந்தனர். குண்டு வந்த திசையில் எந்தக் கட்டடம் யார் வசம் இருந்தது, அன்றைய வெளிச்சம் எப்படி, சுட்டவருக்கு எதிரே நின்றது குடிமகன் என்று தெரிந்திருக்குமா, அருகே படைநிலை ஏதும் இருந்ததா என்றெல்லாம் ஆராய்ந்தனர். ஐயம் தீராத நிகழ்வுகளை விலக்கியும் வைத்தனர். படிப்பவரைக் களைப்படையச் செய்யும் இந்த நுணுக்கம் தீர்ப்பின் பெரும்பகுதியை நிரப்புகிறது. மேலே எழுப்பப்போகும் கட்டடத்துக்கு அதுதான் அடித்தளம்.

எறிகணைத் தொகுதியில் ஐந்து நிகழ்வுகள் இருந்தன. 1993 ஜூன் 1 அன்று டோப்ரின்யாவில் சுமார் 200 பேர் கால்பந்துப் போட்டி பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு எறிகணைகள் விழுந்தன. ஜூலை 12 அன்று தண்ணீருக்காக வரிசையில் நின்ற சுமார் 100 பேர்மீது ஒரு 82 மில்லிமீட்டர் எறிகணை விழுந்து 13 பேர் இறந்தனர். 1994 ஜனவரி 22 அன்று அலிபாஷினோ போல்யே குடியிருப்பில், பனியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஆறு பேர் கொல்லப்பட்டனர். பிப்ரவரி 4 அன்று டோப்ரின்யாவில் எட்டுப் பேர் இறந்தனர். அதற்கு மறுநாள் மார்க்காலே.

மார்க்காலே

1994 பிப்ரவரி 5, சனிக்கிழமை நண்பகல். நகரின் நடுவே இருந்த மார்க்காலே என்ற திறந்தவெளிச் சந்தையில், மோர்ட்டார் எனப்படும் குட்டைக் குழல் பீரங்கியின் 120 மில்லிமீட்டர் எறிகணை ஒன்று விழுந்தது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 140க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சில நாட்களுக்குள் நேட்டோ, நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த கனரக ஆயுதங்களை விலக்க வேண்டும் என்று கெடு விதித்தது. போரின் போக்கையே மாற்றிய நிகழ்வு என்பதால், அதை யார் செய்தார்கள் என்ற சச்சரவும் அன்றே தொடங்கிவிட்டது. பொஸ்னியத் தரப்பே தன் மக்கள்மீது வீசியது, முன்கூட்டியே புதைத்து வைத்த வெடிபொருள் அது, இவ்வளவு சிறிய இடத்தை ஒரே எறிகணையால் குறிதவறாமல் தாக்க முடியாது என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன.

நீதிபதிகளுக்குத் தரையில் கிடைத்த தடயம் ஒரு பள்ளமும், அதில் செருகி நின்ற எறிகணையின் பின்துடுப்பும்தான். பள்ளத்தைச் சுற்றிச் சிதறிய கீறல்களின் வடிவம் எறிகணை வந்த திசையைக் காட்டும். அதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, வடக்கிலிருந்து சற்றே கிழக்காக அது வந்திருந்தது. சிக்கல் தூரத்தில் இருந்தது. அந்தத் திசைக் கோட்டில் முதலில் பொஸ்னிய இராணுவத்தின் பகுதியும், போர்முனையைத் தாண்டினால் செர்பியப் படையின் பகுதியும் வருகின்றன. மோர்ட்டாரில் உந்துமருந்துப் பொதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எறிகணை அதிக வேகத்தில் அதிகத் தூரம் செல்லும். விழும்போது அதன் துடுப்பு அதிக ஆழத்துக்குப் புதையும். ஆகவே துடுப்பு புதைந்த ஆழத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் பின்னோக்கிக் கணிக்கலாம் என்பது வல்லுநர்களின் வழி. ஐக்கிய நாடுகளின் முந்தைய விசாரணைக் குழு, வீசியது எத்தரப்பு என்று தீர்மானிக்க முடியாது என்று நிறுத்திக்கொண்டிருந்தது. தீர்ப்பாயத்தின் பெரும்பான்மையோ, அக்கணிப்பையும் மற்றச் சாட்சியங்களையும் சேர்த்து, எறிகணை செர்பியப் பகுதியிலிருந்தே வந்தது என்றும், சந்தையின் சுற்றுப்புறம் முன்பும் தாக்கப்பட்டிருப்பதால் குறி ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்தது என்றும் முடிவுக்கு வந்தது.

நியெத்தோ நாவியா உடன்படவில்லை. அந்தச் சான்றுகள் ஐயத்துக்கு இடமின்றி எதையும் நிறுவவில்லை என்பது அவர் நிலைப்பாடு. மேல்முறையீட்டில் பெரும்பான்மையின் முடிவே நிலைத்தது. என் பார்வையில், மார்க்காலே ஒன்றை மட்டும் தனியே எடுத்து விவாதிப்பவர்கள் இரு தரப்பிலும் இந்த வழக்கைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நிகழ்வை முழுவதும் நீக்கிவிட்டாலும் தண்ணீர் வரிசையும் கால்பந்து மைதானமும் பனியில் விளையாடிய குழந்தைகளும் அப்படியே இருக்கின்றன. குற்றத் தீர்ப்பு ஒற்றை எறிகணையின்மேல் நிற்கவில்லை.

ஆணை எங்கே?

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடியதன்று. நகரத்துக்குள் பொஸ்னிய இராணுவத்தின் முதல் படைப்பிரிவு இருந்தது. அதன் ஆட்கள் எண்ணிக்கையில் காலிச்சின் படையை விஞ்சினர். அவர்களில் பலருக்குச் சீருடை இல்லை. வாகனங்களில் ஏற்றிய மோர்ட்டார்களை ஓரிடத்தில் நிறுத்திச் சுட்டுவிட்டு வேறிடத்துக்கு நகர்த்தினர்; கோஷெவோ மருத்துவமனையின் அருகிலிருந்தும் சுட்டதுண்டு. குடியிருப்புகளின் நடுவே போர் நடக்கும்போது குடிமக்கள் இறப்பது வருந்தத்தக்கதே தவிரக் குற்றமாகாது என்றும், அனுதாபம் தேட எதிரி தன் மக்களையே தாக்கினான் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

நீதிபதிகள் இவற்றில் பலவற்றை ஏற்றுக்கொண்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனை அருகிலிருந்து சுட்டதை அவர்கள் மறுக்கவில்லை. தன் மக்களைத் தானே தாக்கியதாகச் சொல்லப்பட்டவற்றில் சில உண்மையாக இருந்தாலும், அவை மொத்தத்தில் சிறு பகுதிக்குத்தான் விளக்கமாகும் என்றனர். அதன்பின் அவர்கள் கேட்ட கேள்வி வேறு: போர் இலக்கு எதுவும் அருகில் இல்லாத இடங்களில், இரவிலும் பகலிலும், டிராம் வண்டியிலும் சவ ஊர்வலத்திலும் விறகு பொறுக்கும் இடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும், 23 மாதங்களாக, படைப்பிரிவின் பொறுப்பிலிருந்த பல பகுதிகளிலிருந்து ஒரே வகையான தாக்குதல் வந்துகொண்டிருந்தால் அது கட்டுப்பாடற்ற சிப்பாய்களின் தனிச்செயலாக இருக்க முடியுமா?

விடை, கட்டுப்பாடு பற்றிய சான்றிலிருந்து வந்தது. காலிச் கட்டுப்பாடு இழந்த தளபதி அல்லர் என்பதை அவருடைய படையின் செயல்பாடே காட்டியது. ஆணைகள் மேலிருந்து கீழே ஒழுங்காகச் சென்றன. அறிக்கைகள் கீழிருந்து மேலே வந்தன. போர்நிறுத்தம் வேண்டும் என்று முடிவானால் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஐக்கிய நாடுகள் படையின் அதிகாரிகள் குடிமக்கள்மீதான தாக்குதல்களைக் குறித்து அவரிடம் நேரிலும் எழுத்திலும் திரும்பத் திரும்பப் புகார் செய்திருந்தனர். ஆகவே அவருக்குத் தெரியாது என்பதற்கு இடமில்லை. தெரிந்தும், அந்தத் தாக்குதல்களைத் தடுக்கவோ, செய்தவர்களை உண்மையாக விசாரித்துத் தண்டிக்கவோ அவர் முனைந்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது அவர் ஆணையிட்டார் என்பது ஒன்றே நியாயமான முடிவு என்று பெரும்பான்மை தீர்மானித்தது.

இங்கே ஒரு சட்ட நுட்பம் உண்டு. கீழுள்ளவர்களைத் தடுக்காமலும் தண்டிக்காமலும் விட்டதற்காகத் தளபதியைத் தண்டிக்கத் தீர்ப்பாயத்தின் சட்டத்தில் தனி விதி இருந்தது. அந்த எளிய வழியில் போகாமல், தாமே ஆணையிட்ட குற்றவாளி என்ற கடினமான வழியை நீதிபதிகள் தேர்ந்தனர். சும்மா இருந்ததையே ஆணையாக மாற்றிவிட்டார்கள் என்று காலிச் மேல்முறையீட்டில் தாக்கியது இதைத்தான். மேல்முறையீட்டு அமர்வு அவருடைய அடிப்படை வாதத்தில் பாதியை ஒப்புக்கொண்டது: ஆணையிடுதல் என்பதற்கு ஒரு நேர்ச்செயல் வேண்டும், செய்யாமை ஆணையாகாது. ஆனால் அந்த நேர்ச்செயல் நடந்தது என்பதைச் சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து ஊகித்தறியத் தடையில்லை. செய்யாமை அந்தச் சான்றுகளில் ஒன்றாக இருக்கலாம். நூலிழை போன்ற வேறுபாடுதான். ஆனாலும் அதில்லாமல் எழுத்தில் எதையும் விட்டுவைக்காத தளபதிகள் எல்லாருமே தப்பிவிடுவர்.

அச்சத்தைப் பரப்பும் குற்றம்

குடிமக்களிடையே அச்சத்தைப் பரப்புவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயல்களையும் அவ்வாறான மிரட்டல்களையும் 1977இல் ஏற்கப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் விதி தடை செய்கிறது. தடை செய்வது வேறு, மீறியவரைச் சிறையில் அடைப்பது வேறு. விசாரணை அமர்வின் பெரும்பான்மை, நாடுகளின் நெடுநாள் நடைமுறையிலிருந்து உருவாகும் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்தில் இது குற்றமா என்ற கேள்வியை முடிவு செய்யாமலே நகர்ந்தது. 1992 மே 22 அன்று போரிட்ட தரப்புகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னிலையில் அந்த விதியைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தன. அந்த ஒப்பந்தமே அவர்களைக் கட்டுப்படுத்தப் போதும் என்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மக்காசாரில் டச்சு இராணுவ நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 1997இல் குரோவேஷியாவின் ஸ்பிலிட் நகர நீதிமன்றம் ஸாடர் நகரைத் தாக்கியவர்கள்மீது அளித்த தீர்ப்பும் துணைக்கு எடுத்துக்காட்டப்பட்டன. பெரும்பான்மையின் இந்த ஒதுங்கல் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு மனிதரின் ஆயுளைத் தீர்மானிக்கும் குற்றத்தின் வேரை ஓர் உள்ளூர் உடன்பாட்டில் மட்டும் தேடுவது பலவீனமான வழி.

மேல்முறையீட்டு அமர்வு அந்தக் குறையைச் சரிசெய்தது. தடை மட்டுமின்றி, அதை மீறியவரின் தனிநபர்க் குற்றப்பொறுப்பும் அக்காலத்தில் வழக்காற்றுச் சட்டத்தில் வேரூன்றியிருந்தது என்று பெரும்பான்மை கூறியது. ஜெர்மானிய நீதிபதி வொல்ஃப்காங் ஷோம்பர்க் மறுத்தார். தடை இருந்தது உண்மை, ஆனால் அதைக் குற்றமாகத் தண்டிக்கும் வழக்கம் 1992இல் ஐயமின்றி நிலைபெற்றிருக்கவில்லை என்பது அவர் வாதம். மிகச் சில நாடுகளின் சட்டங்களையும் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய தீர்ப்புகளையும் கொண்டு உலக வழக்காற்றை நிறுவும்போது ஷோம்பர்க்கின் தயக்கத்தை அற்பமென்று தள்ள முடியாது. அவர் காலிச்சை விடுவிக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். குடிமக்கள்மீதான தாக்குதல் என்ற பழைய, உறுதியான குற்றச்சாட்டு பக்கத்திலேயே இருந்தது. அச்சத்தைப் பரப்பும் குற்றத்துக்குள் அது அடங்கிவிடுகிறது என்று கூறி, விசாரணை அமர்வு அதைத் தள்ளுபடி செய்திருந்தது.

மக்கள் உண்மையிலேயே அஞ்சினார்களா என்பது இந்தக் குற்றத்தின் கூறு ஆகாது. தாக்கியவரின் நோக்கமே கூறு. போரில் எறிகணை எங்கு விழுந்தாலும் மக்கள் அஞ்சுவார்கள் என்பதால் இந்தப் பிரிவு தேவைப்படுகிறது. நோக்கத்தை எதிலிருந்து அறிவது? சரயேவோவில் தாக்குதல்களுக்கு நேரமும் இடமும் ஒழுங்கில்லாமல் இருந்ததே நோக்கத்தின் சான்றாயிற்று. அன்றாட வாழ்க்கையின் எந்த அசைவும் பாதுகாப்பானதாக இருக்கக்கூடாது என்பதே அதன் பொருள். மலைமேல் இருந்த பீரங்கிகளைக் கொண்டு நகரத்தைத் தரைமட்டமாக்கியிருக்கலாமே, அப்படிச் செய்யவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி குற்றச்சாட்டுக்கே வலுச்சேர்க்கிறது என்று நினைக்கிறேன். நாளுக்கு ஒருவரோ இருவரோ, யாரென்று முன்கூட்டித் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தால், நான்கு லட்சத்தை ஒட்டிய மக்கள் ஒவ்வொருவரும் காலையில் தண்ணீருக்குப் போகும்போது கணக்குப் போட்டாக வேண்டும்.

20 ஆண்டுகளிலிருந்து ஆயுளுக்கு

அரசுத் தரப்பு தொடக்கத்திலேயே ஆயுள் தண்டனை கேட்டது. விசாரணை அமர்வு, ஒரு மூத்த தொழில்முறை அதிகாரி தம் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகவும், தடுப்புக்காவலில் அவரது நன்னடத்தையைக் குறைக்கும் காரணமாகவும் கருதி 20 ஆண்டுகளில் நின்றது. இரு தரப்பும் மேல்முறையீடு செய்தன. காலிச்சின் காரணங்கள் அனைத்தும் தள்ளப்பட்டன. தண்டனை குற்றத்தின் கொடுமைக்கு முன் நியாயமற்றதாகும் அளவுக்குக் குறைவு என்று சொல்லி, மேல்முறையீட்டு அமர்வு அதை ஆயுளாக்கியது. இத்தீர்ப்பாயத்தில் இறுதியாக நிலைத்த முதல் ஆயுள் தண்டனை இது. அதற்கு முன் ஆயுள் தண்டனை பெற்றிருந்த மிலோமிர் ஸ்டாகிச்சுக்கு மேல்முறையீட்டில் அது 40 ஆண்டுகளாகக் குறைந்திருந்தது.

இந்த உயர்வில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. தியோடர் மெரோன் தண்டனை உயர்வை எதிர்த்தார். தலைமை வகித்த ஃபௌஸ்டோ போக்கார், அதற்குமேல் முறையிட இடமில்லாத கடைசி அமர்வு தானாகத் தண்டனையைக் கூட்டுவது முறையன்று என்று பகுதியளவில் மாறுபட்டார். போக்காரின் கருத்து என்னை அதிகம் இழுக்கிறது. ஆயுள் தண்டனை பொருத்தமானதா என்ற கேள்வியை விட, அதை முதன்முதலில் விதிக்கும் அமர்வின் முடிவை எதிர்த்துப் போக இடம் இருந்ததா என்ற கேள்வி நீதிமுறைக்கு அடிப்படையானது.

வழக்கில் இல்லாதவை

முற்றுகையே குற்றமாகச் சாட்டப்படவில்லை. நகரை வளைத்துப் பிடிப்பது போர்ச் சட்டத்தில் தானாகக் குற்றமாகாது. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டதும், உதவி லாரிகள் மறிக்கப்பட்டதும், விமான நிலையத்தின் அடியில் சுமார் 800 மீட்டர் சுரங்கம் தோண்டி உணவு கொண்டுவர வேண்டியிருந்ததும் இந்த வழக்கில் பின்னணியாக மட்டுமே வருகின்றன. தண்ணீர் எடுக்கப் போனவர் சுடப்பட்டது குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அவர் ஏன் ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது என்பது இல்லை.

காலிச்சுக்குப் பின் பொறுப்பேற்ற டிராகோமிர் மிலோஷெவிச்சுக்கு 2007இல் 33 ஆண்டுகள் விதிக்கப்பட்டு, 2009இல் 29 ஆகக் குறைக்கப்பட்டது. கராட்ஜிச், மிலாடிச் ஆகியோர்மீதான தீர்ப்புகளிலும் சரயேவோவில் அச்சத்தைப் பரப்பிய குற்றம் இடம்பெற்று, இருவருக்கும் இறுதியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றமும் இதே குற்றத்தைக் கையாண்டது. ஆனால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் போர்க்குற்றப் பட்டியலில் இது தனிக் குற்றமாக இல்லை. குடிமக்கள்மீதான தாக்குதல் இருக்கிறது. சர்வதேசப் போர்களில் பட்டினியைப் போர்முறையாக்குவதும் இருக்கிறது. காலிச் வழக்கில் தள்ளுபடியான குற்றச்சாட்டையும், அதில் சாட்டப்படாத செயலையும் கொண்டுதான் இன்று ஒரு முற்றுகைத் தளபதியை அந்த நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

காலிச் 2009 ஜனவரியில் ஜெர்மனியில் சிறையடைக்கப்பட்டார். முன்விடுதலை கோரிய அவருடைய விண்ணப்பத்தை 2015இல், தீர்ப்பாயத்தின் எஞ்சிய பணிகளை ஏற்ற ஐக்கிய நாடுகள் அமைப்பின் அப்போதைய தலைவரான மெரோன் நிராகரித்தார். ஆயுள் கைதி 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த பின்னரே முன்விடுதலைக்குத் தகுதி பெறுவார் என்ற அளவுகோலை அந்த முடிவு வகுத்தது. 1999 டிசம்பரில் கைதான காலிச்சுக்கு அந்தக் கெடு 2029ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவடைகிறது.